ஏறாத உடம்பு: சங்ககிரிச் சமவெளியில் பளுப்பயிற்சியும் தசை வளர்ச்சியும்

சேலம் மாவட்டமும் நாமக்கல் மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் சங்ககிரிச் சமவெளியில், திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம், எடப்பாடி ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகளின் ஓரத்தில், லாரிப் பட்டறைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் இடையே உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று பழகிய பழைய தேகப்பயிற்சிச் சாலைகளின் இடத்தை டம்பெல்லும் பார்பெல்லும் வடம் பூட்டிய இயந்திரங்களும் பிடித்துக்கொண்டன. ஆயினும் மாதக் கட்டணம் செலுத்தி ஆறு மாதமோ ஓராண்டோ தவறாமல் சென்று வந்த பின்னும் உடம்பு ஏறவில்லை என்னும் குறையே அங்கு மிகுதியாகக் கேட்கப்படுகிறது. அக்குறைக்கு விடையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புதிய பயிற்சி அட்டவணை, அல்லது ஒரு புதிய புரதமாவு டப்பா. தசை வளர்ச்சி பற்றிக் கடந்த எண்பது ஆண்டுகளில் நடந்துள்ள ஆய்வுகளை இவ்வட்டாரத்தின் வேலை, உணவு, உறக்கம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், அட்டவணையில் எந்தப் பயிற்சி இருக்கிறது, எது இல்லை என்பதால் தோல்வி வருவது அரிது என்பதும், ஏற்றப்படும் பளு, உண்ணப்படும் புரதம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றும் எழுதப்படாமலும் எண்ணப்படாமலும் விடப்படுவதால்தான் அது பெரும்பாலும் நேர்கிறது என்பதும் தெளிவாகும்.

இவ்வினாவை ஆராயும்போது வலிமையையும் தசையின் பருமனையும் முதலில் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். 1979-ஆம் ஆண்டில் மோரிட்டானி, டிவ்ரீஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் பழக்கத்தால் வருவது என்றும், தசையின் பருமன் கூடுவது அதற்குப் பின்னரே கணிசமாகிறது என்றும் காட்டியது. இருக்கின்ற தசை நார்களையே மூளை ஒரே நேரத்தில் மிகுதியாக இயக்கக் கற்றுக்கொள்வதால், நார்கள் தடிக்காமலேயே தூக்கும் எடை கூடுகிறது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப்பிரிவிலேயே தங்கம் வென்றார் என்பதும், முதல் போட்டியில் அவர் இரு முறைகளிலும் சேர்த்துத் தூக்கியது 328 கிலோ என்பதும், உடல் எடையைக் கூட்டாமலே வலிமையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பதற்குத் தக்க சான்றுகளாகும். ஆகவே இரண்டு மாதம் முடிந்தவுடன் கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று பயிற்சியைக் கைவிடுபவர், தசை வளரத் தொடங்கும் வாசலிலேயே திரும்பிவிடுகிறார். அவருக்கு நேர்ந்தது தோல்வி என்று சொல்வதற்கில்லை.

தசை வளர்வதற்கான அடிப்படைத் தூண்டுதல் இழுவிசை ஆகும். பளுவுக்கு எதிராகத் தசை நார் சுருங்கும்போது அதன்மேல் விழும் இழுவிசையை நாரின் உள்ளமைப்பு உணர்ந்து, எம்டார் என்று பெயரிடப்பட்ட புரதத்தை மையமாகக் கொண்ட ஒரு செய்தித் தொடரை இயக்குகிறது. அதன் விளைவாகத் தசைக்குள் புதிய புரதம் உருவாவது விரைவடைகிறது. பழகிய இழுவிசைக்கு உடல் மீண்டும் மீண்டும் இவ்வாறு எதிர்வினை செய்வதில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், தளர்ந்த தொடைத் தசைகளுக்கு இலேசான அசைவுகளையே பலமுறை செய்விக்கும் அக்கால வழக்கத்தை விடுத்து, தூக்கக்கூடிய உச்ச எடையை அளந்து, அதற்கேற்பப் பளுவைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945-இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் உள்ள பயிற்சிக் கூடங்களில் செட், ரெப் என்று வழங்கும் கணக்கு முறை பரவியதில் அவருடைய பணிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அம்முறையின் உயிரான பளுவேற்றம் பல இடங்களில் உதிர்ந்துபோய், மூன்று செட், பத்து ரெப் என்னும் எண்ணிக்கை மட்டும் எஞ்சி நிற்கிறது.

பளு கூடாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சங்ககிரியின் சுமைப்பணியாளர்கள் தம் உடலிலேயே காட்டுகின்றனர். சிமெண்ட் ஆலையும் லாரித் தொழிலும் உள்ள இவ்வூரில் 50 கிலோ மூட்டையை நாள்தோறும் பலமுறை முதுகிலேற்றிச் சுமப்பவர்கள், வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் உடல் இறுகி வலுப்பெற்றாலும், பின்னர் எத்தனை ஆண்டு சுமந்தாலும் ஒரு நிலைக்கு மேல் தசை கூடுவதில்லை. ஏனெனில் மூட்டையின் எடை மாறுவதில்லை, மூட்டைகளின் எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. தென் மாவட்டங்களின் இளவட்டக்கல்லுக்கும் இது பொருந்தும். ஊரின் நடுவே கிடந்த அந்தக் கல் இளைஞனின் வலிமையைச் சோதிக்கும் கருவியாக இருந்ததேயன்றி வளர்க்கும் கருவியாக இருக்கவில்லை. எடை மாறாத ஒரு கல்லைத் தூக்கப் பழகியவுடன் அது உடலிடம் மேலும் எதையும் கேட்பதில்லை. கூடத்தில் சென்ற ஆண்டு 15 கிலோ டம்பெல்லை எடுத்தவர் இந்த ஆண்டும் அதையே எடுத்துக்கொண்டிருந்தால், இயந்திரங்கள் எவ்வளவு புதியவையாயினும் அவர் இளவட்டக்கல்லையே தூக்கிக்கொண்டிருக்கிறார். எந்தப் பயிற்சியில் எவ்வளவு எடையை எத்தனை முறை தூக்கினார் என்பதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருபவர் நூற்றில் ஒருவரைக் காண்பதும் அரிது என்ற நிலை மாறாதவரை, பிற திருத்தங்கள் எவையும் நிலைக்கா.

பளு கூடினால் மட்டும் போதாது. செட் எவ்வாறு முடிகிறது என்பதும் எண்ணத்தக்கது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், உச்ச எடையின் 30 விழுக்காட்டைத் தூக்கியவர்களுக்கும் 80 விழுக்காட்டைத் தூக்கியவர்களுக்கும் பத்து வாரங்களில் ஏறத்தாழ ஒரே அளவு தொடைத் தசை கூடியது. இரு பிரிவினரும் இனி ஒருமுறையும் தூக்க இயலாது என்னும் எல்லைவரை சென்றதே அதற்குக் காரணம். அந்த எல்லைக்கு இரண்டு மூன்று முறை முன்பாக நிறுத்தினாலும் பயன் பெரிதும் குறைவதில்லை. ஆனால் பதினெட்டு முறை தூக்கக்கூடிய எடையைப் பத்து முறையோடு வைத்துவிடும் செட்டில், இழுவிசையை முழுமையாக ஏற்க வேண்டிய பெரிய தசை நார்கள் அழைக்கப்படாமலே போகின்றன.

மாறாக, அளவுக்கு மீறிய எடையை ஏற்றுவதும் அதே விளைவையே தருகிறது. மாலை நேரத்துப் பெஞ்ச் பிரஸ்ஸில் இதைக் கண்கூடாகக் காணலாம். படுத்திருப்பவர் முதல் இரண்டு முறை கம்பியை முழுதாக மார்புவரை இறக்குகிறார். மூன்றாவதில் பாதியில் நிறுத்துகிறார். ஐந்தாவதிலிருந்து இடுப்பு பெஞ்சை விட்டு எழுகிறது, தலைமாட்டில் நிற்கும் நண்பர் குனிந்து கம்பியைப் பிடித்து உரக்க ஊக்கமூட்டியபடி தூக்குகிறார். பத்து என்று எண்ணி முடிக்கும்போது மார்புத் தசை செய்த வேலை நான்கு முறைக்குரியதே, எஞ்சியதை நண்பரின் முதுகு செய்திருக்கிறது. தசை நீண்டிருக்கும் நிலையில் விழும் இழுவிசை வளர்ச்சிக்குச் சிறப்பாக உதவுகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் பல சுட்டுவதால், இறக்கும் பகுதியைப் பாதியில் வெட்டுவது பயிற்சியின் விளைச்சல் மிகுந்த பகுதியையே வெட்டுவதாகும்.

திங்கட்கிழமை மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஒரு தசைக்கு வாரத்தில் ஒரே நாளை ஒதுக்கும் அட்டவணை தமிழகக் கூடங்களில் ஏறக்குறைய மரபாகிவிட்டது. 1997-இல் ஸ்டூவர்ட் பிலிப்ஸும் உடன் ஆய்ந்தோரும் அளந்தபோது, பயிற்சிக்குப் பின் தசைப்புரத உருவாக்கம் மூன்று மணி நேரத்தில் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்து, 24 மணி நேரத்தில் 65 விழுக்காடும் 48 மணி நேரத்தில் 34 விழுக்காடும் மிகுதியாக நின்றது. இவ்வாறு இரண்டு நாளில் தணியும் தூண்டுதலை ஏழு நாளுக்கு ஒருமுறை தருபவரின் மார்புத் தசை வாரத்தின் பெரும்பகுதியைச் சும்மா கழிக்கிறது. மொத்த செட்டுகளின் எண்ணிக்கை சமமாக இருந்தால் நாள் பிரிவினால் வரும் வேறுபாடு சிறிதே என்று பின்வந்த ஆய்வுகள் கூறுவது உண்மை. ஆயினும் ஒரே நாளில் பதினாறு செட் செய்பவரின் கடைசி ஆறு செட்டுகள் களைப்பில் கரைந்துபோவதால், நடைமுறையில் இருமுறையாகப் பகிர்வதே மேலானது. 2017-இல் பிராட் ஷோன்ஃபெல்டு தொகுத்த பகுப்பாய்வு, ஒரு தசைக்கு வாரத்தில் பத்து செட்டும் அதற்கு மேலும் செய்தவர்கள் ஐந்துக்கும் குறைவாகச் செய்தவர்களைவிட மிகுந்த வளர்ச்சி பெற்றதைக் காட்டியது. கைக்கும் மார்புக்கும் இந்த எண்ணிக்கை பலருக்கு எளிதில் கிட்டிவிடுகிறது. உடலின் மிகப் பெரிய தசைகளைத் தாங்கும் காலுக்குத்தான் அது கிட்டுவதில்லை. லுங்கியும் பேண்டும் மறைத்துவிடும் என்று காலை விட்டுவிடுபவர், உடல் எடை கூடவில்லை என்று வருந்துவதில் வியப்பில்லை.

உணவைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்தில் நெஞ்சை உறுத்தும் ஒரு முரண் உள்ளது. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளைத் தரும் நாமக்கல் கோழிப்பண்ணைகளில், முட்டைக்கோழியின் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் எவ்விகிதத்தில் சேர வேண்டும் என்பதும், குறையும் லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் எவ்வளவு கூட்டப்பட வேண்டும் என்பதும் கிராம் கணக்கில் அறியப்பட்டுள்ளன. அதே பண்ணைக்காரரின் வீட்டில் பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் மகனின் தட்டில் எவ்வளவு புரதம் விழுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோழிக்குச் செய்யப்படும் கணக்கு பிள்ளைக்குச் செய்யப்படவில்லை என்பது கடுமையாக ஒலித்தாலும் சொல்லியே ஆக வேண்டியது.

அக்கணக்கைச் செய்து பார்ப்பது கடினமன்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த பரிந்துரைப்படி, சாதாரண வாழ்க்கை நடத்தும் பெரியவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. பளுப்பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, தசை வளர்ச்சிக்குப் பயன்படும் அளவு ஏறத்தாழ 1.6 கிராம் என்றும் அதற்கு மேற்பட்டது பெரிதாகப் பயன் தருவதில்லை என்றும் கண்டது. ஆகவே 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு நாளொன்றுக்கு 96 கிராம் வேண்டும். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் 11 கிராம், மதியம் சோறு, பருப்புக் குழம்பு, பொரியல், தயிர் எல்லாம் சேர்ந்து 23 கிராம், மாலையில் தேநீரும் ஒரு தட்டுவடை செட்டும் 3 கிராம், இரவில் மூன்று தோசையும் சட்னியும் 11 கிராம், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் 6 கிராம் என்று வயிறு நிறைய உண்ட ஒரு நாளின் கூட்டுத்தொகை 54 கிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது. சாதாரணத் தேவைக்கு இது ஏறக்குறையப் போதும்; தசை கட்டுவதற்கு 40 கிராமுக்கு மேல் குறைகிறது.

அந்தக் குறையை நிரப்பும் பொருள்கள் இதே மண்ணில் விளைகின்றன. நான்கு முட்டை 24 கிராமும், ஒரு கைப்பிடிக்குச் சற்று மேலான 50 கிராம் நிலக்கடலை 12 கிராமும், அதே எடையுள்ள கொள்ளோ தட்டைப்பயறோ 11 கிராமும் தருவதால், மூன்றும் சேர்ந்தாலே கணக்கு நிறைந்துவிடுகிறது. தானியத்தில் குறையும் லைசினைப் பயறும், பயற்றில் குறையும் மெத்தியோனினைத் தானியமும் ஈடுசெய்வதால், கொங்கு வீடுகளில் கம்பஞ்சோற்றுக்கும் களிக்கும் கொள்ளுப்பருப்பைக் கடைந்து ஊற்றிய பழக்கம் சத்துக் கணக்கில் மிகச் சரியானது. அரிசி மலிந்து பயறு ஒதுங்கியபின் அந்தச் சரிவிகிதம் குலைந்துவிட்டது. புரட்டாசியிலும் மாலையணியும் மாதங்களிலும் முட்டையும் இறைச்சியும் நீங்கிவிட, அவற்றின் இடத்தைப் பயறும் பாலும் நிரப்பாதவரை, அக்காலங்களில் பயிற்சியின் பயன் மங்குகிறது. விரதத்தில் குறையொன்றும் இல்லை. ஈடுசெய்யாமல் விடுவதே குறை.

புரதமாவைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். மேற்குறித்த 2018-ஆம் ஆண்டின் பகுப்பாய்வில் கூடுதல் புரதம் உண்டவர்களுக்குக் கிடைத்த மிகை வளர்ச்சி சராசரியாக 0.3 கிலோவே. அவ்வாய்வுகளில் பங்கேற்றவர்கள் தொடக்கத்திலேயே கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 கிராம் புரதம் உண்டு வந்தவர்கள் என்பதால் அந்தச் சிறிய எண்ணை அப்படியே சங்ககிரிக்குப் பொருத்த இயலாது, தட்டில் 0.9 கிராமோடு நிற்பவருக்குப் புரதம் கூடுவது அதைவிட மிகுந்த பயன் தரக்கூடும். ஆனால் அந்தப் புரதம் டப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருள்களைக் கேரள மருத்துவக் குழு ஒன்று சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொருள்களில் புரத அளவு மேலுறையில் குறித்தபடி இருக்கவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. முட்டைக்கு அத்தகைய மேலுறையும் இல்லை, ஐயமும் இல்லை.

புரதம் நிறைந்தும் மொத்த உணவு குறைந்தால் உடல் அந்தப் புரதத்தையே எரித்துவிடுகிறது. மறுபுறம், மெலிந்த உடலிலும் கொழுப்பு மிகுந்து தசை குறைந்திருப்பது இந்தியர்களின் தனித்தன்மை என்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் எடுத்துக்காட்டினார். 2004-இல் அவரும் ஆங்கிலேயரான ஜான் யட்கினும் வெளியிட்ட சிறு குறிப்பில், உயர எடை விகிதம் இருவருக்கும் 22.3 என்று ஒன்றாகவே இருந்தும், உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடுமாக இருந்தது. இதனால் எடை இயந்திரத்தை மட்டும் நம்பிப் பயிற்சி செய்பவர் இரு வகையில் ஏமாறுகிறார்: கொழுப்பு குறைந்து தசை கூடும்போது முள் அசையாததால் தோல்வி என்று எண்ணுகிறார், கொழுப்பு மட்டும் கூடும்போது முள் ஏறுவதால் வெற்றி என்று மகிழ்கிறார். இடுப்பு, தொடை, மேற்கை ஆகியவற்றின் சுற்றளவை மாதம் ஒருமுறை தையற்கார நாடாவால் அளந்து எழுதிவைப்பது இதற்கு மலிவான மாற்று.

உறக்கத்தில் இவ்வட்டாரத்தின் தொழில்களே குறுக்கே நிற்கின்றன. விசைத்தறியில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வருபவரும், வடநாட்டு லோடு ஏற்றிப் போய் நெடுஞ்சாலையிலேயே கண்ணயர்ந்து எழும் ஓட்டுநரும் உறங்கும் நேரத்தைத் தாமே தீர்மானிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரே ஓர் இரவு முழுதும் விழித்திருந்த இளைஞர்களின் தசைப்புரத உருவாக்கம் 18 விழுக்காடு குறைந்தது. தசையைக் கரைக்கும் பக்கம் சாயும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்ந்தது. நாள் முழுதும் தறியின் முன் நடந்து களைத்தவர் அதன்மேல் ஓட்டத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் ஹிக்சன் 1980-இல் செய்த ஆய்வு விடை தருகிறது: பளுப்பயிற்சியையும் கடும் ஓட்ட, மிதிவண்டிப் பயிற்சியையும் ஒருங்கே செய்தவர்களின் வலிமை ஏழாவது வார அளவில் நின்று, பத்தாவது வாரத்துக்குள் இறங்கத் தொடங்கியது. ஆகவே ஷிப்டுக்கு உழைப்பவருக்குக் கல்லூரி மாணவரின் ஆறு நாள் அட்டவணையைத் தருவது தவறு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொன்றிலும் முழு உடலுக்குமாக ஐந்தாறு பயிற்சிகள், இரவு ஷிப்ட் வாரத்தில் செட்டுகளைக் குறைத்தல் என்னும் ஏற்பாடே அவருக்குத் தாங்கும். இதைப் பயிற்சி மாஸ்டர்கள் தயங்காமல் பரிந்துரைக்க வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் தோல்வி என்று தோன்றுவதற்கு மற்றொரு காரணம், ஒப்பிடப்படும் உடல் பொய்யானதாக இருப்பது. 1996-இல் ஷாலேந்தர் பாசினும் குழுவினரும் 43 ஆண்களிடம் பத்து வாரம் நடத்திய ஆய்வில், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் வாரந்தோறும் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி பெற்றவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 6.1 கிலோ கூடியது. சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் காணும் உடல்களில் ஊசியின் பங்கு எவ்வளவு என்பதை அறியாமல், நேர்வழியில் பத்து வாரத்தில் 2 கிலோ பெற்ற இளைஞர் தம்மைத் தோற்றவராகக் கருதுவது பெருங்கொடுமை. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத அம்மருந்துகள் விந்தணு உற்பத்தியை ஒடுக்குவதும், நல்ல கொழுப்பைக் குறைத்து இதயத்தைத் தாக்குவதும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டவை. பின்னால் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனை ஏறும்போது இந்த ஊசியின் கதை வெளிவருவதைவிட, கூடத்தின் வாசலிலேயே அது வெளிப்படையாகப் பேசப்படுவது நல்லது.

பிறவியில் அமைந்த வேறுபாட்டையும் மறுக்க இயலாது. 585 பேரை ஒரே கைப்பயிற்சியில் பன்னிரண்டு வாரம் ஈடுபடுத்தி 2005-இல் வெளியான ஆய்வில், மேற்கைத் தசையின் பருமன் மாற்றம் ஒருவருக்கு 2 விழுக்காடு குறைவிலிருந்து மற்றொருவருக்கு 59 விழுக்காடு உயர்வுவரை விரிந்திருந்தது. ஆயினும் அறவே வளராதவர் மிகச் சிலரே. பலருக்கு செட்டுகளைக் கூட்டியவுடன் நின்ற வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. எல்லாவற்றையும் எழுதி, எண்ணி, ஆறு மாதம் கடந்தும் மாற்றமே இல்லையெனில் தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை.

இவ்வளவு பேச்சும் இளைஞர்களைச் சுற்றியே நடப்பது ஒரு குறைபாடு. உணவுக்குப் பின் குருதியில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசை என்பதால், நீரிழிவு பரவியுள்ள இச்சமவெளியில் பளுப்பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுபவர்கள், ஸ்டியரிங்கின் பின்னும் தறியின் முன்னும் முப்பது ஆண்டுகளைக் கழித்த ஐம்பது வயதைக் கடந்த ஆண்களும் பெண்களுமே. பெண்களுக்கு உடல் முறுக்கேறிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. வயதாகிவிட்டது என்னும் தயக்கமும் அத்தகையதே. பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேரை எட்டு வாரம் பயிற்றுவித்து மரியா ஃபியாடரோனே 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடும் தொடைத் தசையின் பரப்பு ஏறத்தாழ 9 விழுக்காடும் கூடின. அந்த முதியவர்களுக்கு அரைக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து உட்கார வைக்கவில்லை. அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடை அளக்கப்பட்டு, அதன் 80 விழுக்காடுவரை பளு ஏற்றப்பட்டது, உச்சம் உயர்ந்ததா என்று இடையிடையே மறுபடியும் அளந்து பளு கூட்டப்பட்டது.